செல்வி வீட்டுப் பள்ளிக்கூடம்

செல்வி போய்விட்டாள். காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன்... மத்தியானத்துக்குள் தைக்காட்டு மயானத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

மஞ்சள்காமாலை. இந்தக் காலத்தில் மஞ்சள்காமாலையில் யாராவது சாவார்களா என்று கேட்காதீர்கள். நானும் பார்த்தவர்களிடமெல்லாம் அதைத்தான் கேட்டேன். கல்லீரல் மொத்தமாகப் போய்விட்டது என்றார்கள்.

அவளைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருவனந்தபுரத்தில் பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைத்த தமிழ்ப் பைத்தியங்கள், எனக்குத் தெரிந்து, நாங்கள் இரண்டு பேர். அவளுக்கு மீனு, பதினொரு வயது. கண்ணன், ஏழு வயது. எனக்கு ஒரே பையன். மூன்றும் செல்வி வீட்டு ஹாலில்தான் படித்தன.

அவள் கணவர் முருகன் அண்ணனுக்குச் சாலை பஜாரில் பாத்திரக்கடை. காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். டீச்சர், ஹெட்மிஸ்ட்ரஸ், பியூன், ஆயா எல்லாம் செல்வி ஒருத்திதான்.

இனி அந்த இரண்டு பிள்ளைகளும் என்ன செய்யும்? காலையிலிருந்து மண்டைக்குள் இது ஒன்றுதான் ஓடுகிறது.

மார்ச் வந்தாலே எங்களுக்குக் கஷ்டகாலம். ஊர் முழுக்கப் பரீட்சை, செல்வி வீட்டில் மட்டும் கூச்சல். பக்கத்து வீட்டு சேச்சி மதிலுக்கு மேலே தலையை நீட்டுவார். "செல்வீ, பிள்ளேரெ ஒன்னு அடக்கி இருத்தாமோ? மோனு எக்ஸாமா." மகனுக்குப் பரீட்சையாம், பிள்ளைகளை அடக்கி உட்காரவைக்கவேண்டுமாம்.

செல்வி சண்டைக்குப் போகமாட்டாள். மூன்று பிள்ளைகளையும் என்னையும் பொன்முடி பஸ்ஸில் ஏற்றி, கல்லாற்றில் கொண்டுபோய் இறக்கிவிடுவாள். பரீட்சை நாளில் ஆற்றில் ஒரு ஈ காக்கை இருக்காது.

"இதுல என்ன பாடம் செல்வி?" என்று நான் சிடுசிடுப்பேன். எனக்கு எதைச் செய்தாலும் அதில் ஒரு பாடம் இருந்தாக வேண்டும்.

"வெள்ளத்துல காலப் போட்டுட்டு இருக்கதுதான் பாடம். நீயும் போடு மக்கா."

போட்டேன். சாயங்காலம் வரை எடுக்கவில்லை...

இன்னொரு நாள், சாலை பஜாரில் கணக்குப் பாடம். கடை கடையாக ஏறி விலை கேட்டு, பிள்ளைகளே கூட்டிக் கழித்துச் சாமான் வாங்கவேண்டும் என்று திட்டம். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைத்துவிட்டுப் போனால், தெரு முழுக்க ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை!

ஸ்கூல் இல்லாத வீட்டில் கிழமை மறந்துபோவது சகஜம். என் வீட்டிலும் நடக்கும். ஆனால் இவள், கடைக்காரப் புருஷன் கட்டிலில் குறட்டை விடுவதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பி வந்திருக்கிறாள்.

நடுத்தெருவில் நின்று அப்படி ஒரு சிரிப்பு. பிறகு, "செரி மக்களே, இன்னிக்கு போர்டு வாசிப்போம்" என்றாள். தமிழ், மலையாளம், இங்கிலீஷ் என்று ஒரு போர்டு விடாமல் பிள்ளைகள் கத்திக் கத்திப் படித்தார்கள். கண்ணன் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். கண் இரண்டும் மஞ்சள். பேசவே முடியவில்லை, ஆனாலும் பேசினாள்.

"எல்லா ஸ்கூலும் அடைச்சாச்சுல்லா? எங்க வீட்டுப் பிள்ளேள வெளிய விடச் சொல்லு. இந்த ரெண்டு மாசந்தான் அதுகளுக்குக் கூட்டாளி கிட்டும்."

உண்மைதான். மற்ற பிள்ளைகளுக்கு ஏப்ரல் என்றால் லீவு. எங்கள் பிள்ளைகளுக்கு, பகலில் விளையாட ஆள் கிடைக்கும் மாதம்.

இன்றும் தெருவில் ஒரே கிரிக்கெட். சாவு வீடு என்று பெரியவர்கள் விரட்டியும் பையன்கள் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்துவிட்டார்கள். மீனுவும் கண்ணனும் உள்ளே, சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள்.

தைக்காட்டிலிருந்து வந்து குளித்த ஈரம்கூடக் காயவில்லை, முருகன் அண்ணனின் அக்கா ஆரம்பித்துவிட்டார். "ஜூன்ல ஸ்கூல் தொறந்துரும். பிள்ளேளுக்க டி.சி. எங்க இருக்கு?"

டி.சி. கிடையாது, ஸ்கூலுக்கே போனதில்லையே என்றேன்.

"டி.சி.கூட இல்லாத பிள்ளேளா?" என்றார். கெட்ட மனுஷி இல்லை. நாலு நாளாகச் சோறு பொங்கிப் போட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். இருந்தாலும் எனக்குச் சுருக்கென்று இருந்தது.

முருகன் அண்ணனிடம் போனேன். "அண்ணா, பிள்ளைங்கள எங்கிட்ட விடுங்க. என் பையனோட சேந்து படிக்கட்டும். காலையில நானே இங்க வந்துடறேன். செல்வி ஆசப்பட்டு ஆரம்பிச்சது, நின்னுடக் கூடாது."

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "அவ இருந்தா நடக்கும்மா... எனக்கு ஒண்ணும் ஓடல. மீனுட்ட கேளு. அவ சொல்லது போல செய்வோம்."

மீனு சரி என்பாள் என்றுதான் நினைத்தேன். செல்வியின் மகளாயிற்றே. பக்கத்தில் போய் உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டேன்.

"வேண்டாம் ஆன்ட்டி. நானும் கண்ணனும் ஸ்கூலுக்குப் போறோம்."

"ஏம்மா? ஆன்ட்டி வரேன்ல?"

கண்ணனை இழுத்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள். "ஸ்கூலுக்குப் போனா, சாயங்காலம் வீட்டுக்கு வரச்சதான் அம்மா இருக்கமாட்டா. இங்கயே இருந்தா காலைல இருந்தே இருக்கமாட்டா."

பிள்ளைகள் ஸ்கூலுக்கே போகட்டும் என்று முருகன் அண்ணனிடம் போய்ச் சொன்னேன்.

இந்தப் பதிவோடு படம் எதுவும் போடவில்லை, மன்னிக்கவும். எல்லாப் படத்திலும் பிள்ளைகள் அவள் மேலேயே சாய்ந்துகொண்டு இருக்கிறார்கள்.

போய் வா செல்வி. நாளைக்கு மூன்றையும் தெருவில் விளையாட இறக்கிவிடுகிறேன்...