மாமாவின் பெயரில் ஒரு வருத்தம்

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிக்கொண்டு வருகின்றன என்று குடும்ப வைத்தியர் சொன்னபோது, இவர் அவருக்கு நன்றி சொன்னார். கதிரையை விட்டு எழும்பும்போது ஒருமுறை, கதவடியில் ஒருமுறை, வெளியே வரவேற்பில் இருந்த பெண்ணிடம் இன்னொருமுறை. அந்தப் பெண் எதற்கென்று தெரியாமலே தலையாட்டினாள்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்னுக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. நகரத்துக்கு வெளியே வெரிபீயில் வீடு. நகரத்தின் கழிவுநீரெல்லாம் வந்து சேரும் பண்ணையில் இவர் பொறியியலாளர். நான் இரண்டு ஸ்டேஷன் தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தேன். அப்போது வெரிபீ என்றால் முட்டைக்கோவாத் தோட்டங்களும் காற்றும்தான். தமிழர் என்று சொல்ல எங்களைவிட வேறு ஒருவரும் அங்கில்லை.

வைத்தியர் விளங்கப்படுத்தியது இவ்வளவுதான். சிறுநீரகம் இனித் திரும்பாது. ஒருநாள் இரத்தத்தை மெஷினில் ஓடவிட்டுச் சுத்தப்படுத்த வேண்டிவரும். அதற்கு முன் மணிக்கட்டில் ஒரு சின்ன ஒப்பரேஷன் செய்து, இரத்தம் கொண்டுபோகும் நாடியையும் திருப்பிக் கொண்டுவரும் நாளத்தையும் ஒன்றாக இணைக்க வேண்டும். அந்த இணைப்பு ஊசி தாங்கும் அளவுக்குத் தடிக்கச் சில கிழமை எடுக்கும். ஆகவே ஒப்பரேஷனை நேரத்தோடு செய்துவிட வேண்டும். "நேரத்தோடு" என்ற சொல்லை அவர் இரண்டுதரம் சொன்னார். பிறகு பெரிய வைத்தியசாலைக்கு ஒரு கடிதம் எழுதினார்.

அந்த "நேரத்தோடு" பதினொரு மாதம் எடுத்தது.

முதல் நான்கு மாதம் ஒப்பரேஷன் பற்றி ஒரு பதிலும் இல்லை. நான் பள்ளிக்கூட இடைவேளையில் போன் எடுத்தால், பட்டியலில் பெயர் இருக்கிறது, பட்டியல் நீளம் என்பார்கள். எவ்வளவு நீளம் என்று கேட்டால், அது சொல்வதில்லை என்பார்கள். நான் கணக்கு டீச்சர். எத்தனை பேர் நிற்கிறார்கள், ஒரு கிழமைக்கு எத்தனை பேர் உள்ளே போகிறார்கள் என்று சொன்னால் மிச்சத்தை நானே கணித்துவிடுவேன் என்றேன். மறுபக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். எங்களைப் போன்றவர்கள் பகிடி விட்டால் அவர்களுக்குப் பிடிக்கும். நான் பகிடி விடவில்லை.

இதற்கிடையில் வைத்தியசாலையின் சிறுநீரகக் கிளினிக்குக்கு இவர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை போய்வந்தார். ரெயில் எடுத்து, பிறகு ட்ராம் எடுத்து, தனியாகவே போவார். நான் கூடப் போகவில்லை. தலைமையாசிரியர் லீவு தரமாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் அவரிடம் கேட்கவே இல்லை. என் கணவர் மெல்ல மெல்ல நஞ்சேறிக்கொண்டிருந்த அந்தச் செவ்வாய்களில் நான் இருபடிச் சமன்பாடு படிப்பித்துக்கொண்டிருந்தேன். மற்றவர்களைப் பற்றி நான் எழுதப்போகும் எல்லாவற்றுக்கும் முன்னால் இதையும் எழுதி வைக்கிறேன்.

"என்ன சொன்னவை?" என்று வந்ததும் கேட்பேன்.

"இரத்தம் எடுத்தவை. இன்னும் கொஞ்சம் பாப்பமாம்."

"ஒப்பரேஷன்?"

"அது வேற பகுதியாம். அவை அறிவிப்பினமாம்."

சாப்பாட்டில் உப்பை நிற்பாட்டினேன். பருப்பைக் குறைத்தேன். மரக்கறியை ஒருதரம் அவித்துத் தண்ணியை வெளியே ஊற்றிவிட்டு, மறுபடி அவித்தேன். தேங்காய்ப்பால் இல்லை, புளி இல்லை, வாழைப்பழம் இல்லை. குசினியில் அவித்த கடதாசி மாதிரி ஒரு மணம் நிரந்தரமாக நின்றது. இவர் அதையும் "நல்லா இருக்கு" என்று சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்தின் மறுபக்கத்திலிருந்து ஒன்றிரண்டு தமிழ்க் குடும்பங்கள் காரில் பார்க்க வருவார்கள். ஒரு பை ஒரேஞ்சுத் தோடம்பழமும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டுவருவார்கள். இரண்டுமே இவருக்கு ஆகாது என்று போனமுறை சொன்னது அவர்களுக்கு நினைவிருக்காது. அவர்களில் ஒரு கணக்காளர் இருந்தார். முழங்கால் தெரியக் காற்சட்டை போட்டுக்கொண்டு வருவார். எங்கள் கதிரையில் சாய்ந்திருந்து எங்களுக்கே நாட்டைப் பற்றி விளக்கம் சொல்லுவார்.

"இஞ்ச எல்லாம் முறைப்படிதான் நடக்கும், தங்கச்சி. ஊர் மாதிரி ஆளைப் பிடிச்சு அலுவல் பாக்கேலாது. நாங்கள்தான் பொறுமையா இருக்கவேணும்."

"உங்கட மனிசிக்குப் பித்தப்பைக் கல் எடுக்க எத்தனை நாள் பொறுமையா இருந்தனீங்கள், அண்ணை?" என்று கேட்டேன். அவர் தனக்குத் தெரிந்த சேர்ஜன் ஒருவரைப் பிடித்து நான்கு நாளில் செய்வித்தது எனக்குத் தெரியும். அவர் தோடம்பழம் ஒன்றை உரிக்கத் தொடங்கினார். அவர்கள் போனபின் இவர் என்னோடு இரண்டு மணித்தியாலம் கதைக்கவில்லை.

ஐந்தாம் மாதம் கடிதம் வந்தது. திகதி குறித்திருந்தார்கள். முதல்நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாமல், குடிக்காமல் வரச் சொல்லியிருந்தது. அன்றைக்கு மட்டும் நான் லீவு கேட்டேன். உடனே கிடைத்தது. காலை ஏழு மணிக்குப் போய் வைத்தியசாலைக்குள் ஒரு நடைபாதை வாங்கில் உட்கார்ந்தோம். பதினொரு மணிக்கு ஒரு தாதி வந்து இவருக்கு வைத்தியசாலை உடுப்பைக் கொடுத்து மாற்றச் சொன்னாள். முதுகு திறந்த அந்த உடுப்போடு இவர் மூன்று மணிவரை அதே வாங்கில் இருந்தார். மூன்று மணிக்கு அவள் திரும்பி வந்தாள். கட்டில் இல்லை. அவசரமான ஆட்கள் வந்துவிட்டார்கள். வேறு திகதி அறிவிப்போம்.

"பரவாயில்லை. உங்களுக்குக் கரைச்சல் தந்ததற்கு மன்னிக்கவேண்டும்," என்றார் இவர், தன் அழகான ஆங்கிலத்தில்.

எனக்கு அந்தத் தாதியில் கோபம் வரவில்லை. அவள் பாவம், கால் வீங்கி நின்றாள். முதுகில் காற்றுப் பட இருந்துகொண்டு மன்னிப்புக் கேட்ட என் கணவரில்தான் எனக்கு ஒரு அருவருப்பு வந்தது. அதை ஒளிக்க நான் அவருடைய சப்பாத்தைக் குனிந்து தேடினேன்.

பிறகு மறுபடி மௌனம். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது மாதம். போனில் இப்போது வேறு பதில். உங்கள் கணவர் அவசரம் இல்லாதவர் பட்டியலில் இருக்கிறார். யார் சொன்னது என்று கேட்டேன். பைலில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். அந்த அவசரம் இல்லாதவர் விடிந்தவுடன் வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுத்தார். தோல் கடித்து, சொறிந்து சொறிந்து முழங்கையெல்லாம் கீறினார். வாயில் செம்பு மாதிரி ருசி என்றார். கால் வீங்கிச் சப்பாத்து ஏறவில்லை. ஆனாலும் வேலைக்குப் போனார்.

பதினோராம் மாதத்துச் செவ்வாய்க்கிழமை, ஸ்டேஷன் படி ஏறமுடியாமல் நின்றார். நான் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் அவரோடு ரெயில் ஏறினேன். இப்படித்தான் அந்தக் கிளினிக்கை முதல்முறை பார்த்தேன். சுவர் நெடுகக் கதிரைகள். ஒரு பக்கம் கிரேக்கக் கிழவர்கள், மறுபக்கம் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிய முகத்தோடு ஒரு வெள்ளைக்காரப் பெண். ஒரு தாதி அட்டைகளோடு வந்து பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாலைந்து பெயருக்குப் பிறகு அவள் தடக்கித் தடக்கி ஒரு பெயரைக் கூப்பிட்டாள்.

அது என் மாமாவின் பெயர். இவருடைய தகப்பன். அவர் செத்து ஒன்பது வருடம்.

இவர் எழும்பினார்.

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "எங்க போறியள்? அது உங்கட பேரில்லை."

"என்னைத்தான். இஞ்ச அப்பிடித்தான் கூப்பிடுறவை."

எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். குடும்ப வைத்தியர் கடிதத்தில் இவர் பெயரைச் சரியாகவே எழுதியிருந்தார். கிளினிக்குக்கு முதல்நாள் வந்தபோது, அட்டை எழுதிய ஆள் இரண்டையும் மாற்றிப் போட்டிருக்கிறான். இவர் அன்றைக்கே அதைக் கண்டிருக்கிறார். கண்டும் பேசாமல் இருந்திருக்கிறார்.

"ஏன் சொல்லேல்லை?"

தாதி மறுபடி மாமாவைக் கூப்பிட்டாள்.

"வேலையில இன்னும் நிரந்தரமாக்கேல்லை. என்ர பேரில இப்பிடி ஒரு வருத்தம், ஒரு நோய் எழுதிக் கிடந்தா, நாளைக்கு அவை விசாரிச்சா? அப்பான்ர பேரில இருந்தா ஆருக்கென்ன எண்டு விட்டனான்."

"அதாலதான் பதினொரு மாதம்."

"அதால பிந்தும் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? நீர் சொல்லும்."

அவருக்குத் தெரியவில்லைதான். ஆனால் எனக்கு அந்த இடத்தில் எல்லாம் ஒரே நிமிடத்தில் விளங்கிவிட்டது. அந்த வைத்தியசாலையில் இரண்டு நோயாளிகள் இருந்தார்கள். ஒருவர் என் மாமா. மாதாமாதம் வந்து இரத்தம் கொடுத்து, மாதாமாதம் மோசமாகிக்கொண்டு போனார். ஆனால் அவருக்கு ஒப்பரேஷன் எழுதப்படவில்லை. மற்றவர் என் கணவர். ஒப்பரேஷன் பட்டியலில் இருந்தார், ஆனால் அவர் பைலில் ஒரு இரத்தப் பரிசோதனைகூட இல்லை. பரிசோதனை இல்லாதவருக்கு என்ன அவசரம்? பட்டியலின் அடிக்குத் தள்ளிவிட்டார்கள். இத்தனைக்கும் இரண்டு பைலிலும் வெரிபீயில் ஒரே வீதி, ஒரே வீட்டிலக்கம், ஒரே பிறந்த திகதி. தகப்பனும் மகனும் ஒரே நாளில் பிறந்திருக்கிறார்கள். அதைப் பார்த்து ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

நான் கிளினிக் தாதியிடம் போய் இரத்த முடிவுகளைக் கேட்டேன். தரமுடியாது என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, அட்டையை மேசையில் திறந்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனாள். அந்தக் கட்டிடத்தில் எனக்கு மரியாதை வந்த ஒரே ஆள் அவள்தான். என் கைப்பையில் பிள்ளைகளின் வரைபுத்தாள் இருந்தது. இரத்தத்தில் ஏறியிருந்த பத்து மாதத்து யூரியா நஞ்சின் அளவை அதில் புள்ளி புள்ளியாகக் குறித்து ஒரு கோடு இழுத்தேன். மேலே ஏறிக்கொண்டே போன கோடு. தாளின் மேல்பக்கத்தில் இரண்டு பெயரையும், அட்டையிலும் ஒப்பரேஷன் கடிதத்திலும் இருந்த இரண்டு பைல் இலக்கத்தையும், அந்த ஒரே பிறந்த திகதியையும் எழுதினேன்.

அதோடு வைத்தியசாலைக்குப் பொறுப்பான வைத்திய அத்தியட்சகரின் அறைக்குப் போனேன். செயலாளர், சந்திக்க நேரம் எடுத்திருக்கிறீர்களா என்றாள். இல்லை என்றுவிட்டு உள்ளே போய்க் கதிரையில் இருந்தேன். அவர் நல்ல நிறமான டை கட்டியிருந்தார். தாளைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். பிறந்த திகதியைப் பார்த்தபோது அவர் காது மட்டும் சிவந்தது.

"உங்கள் ஆட்களின் பெயர்கள் எங்களுக்குக் கொஞ்சம் சிரமம், உங்களுக்குத் தெரியும்தானே," என்றார்.

"திகதியிலும் சிரமமா?" என்று கேட்டேன்.

அவர் துரதிர்ஷ்டவசமானது என்றார். முறைப்பாடு ஒன்றை எழுத்தில் தந்தால் குழு ஆராயும் என்றார். அந்தக் குழு எப்போது கூடும் என்று கேட்டேன். அடுத்த மாதம் என்றார். நான் எழும்பவில்லை. அவருக்கு ஒரு கூட்டம் இருந்தது. நான் எழும்பவில்லை. செயலாளர் இரண்டுமுறை எட்டிப் பார்த்தாள். எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அந்த மனிதனின் முன்னால் அதைக் காட்ட விருப்பமில்லாமல் கைப்பையை மடியில் வைத்து அமர்த்திப் பிடித்திருந்தேன். கடைசியில் அவர் போனை எடுத்தார். மூன்று நிமிடம் கதைத்தார். பதினொரு மாதத்து அலுவல் மூன்று நிமிடத்தில் முடிந்தது.

அன்று பின்னேரமே இவரை அங்கேயே வார்ட்டில் மறித்துக்கொண்டார்கள். கட்டில் இருந்தது. ஆனால் மணிக்கட்டு இணைப்புத் தடிக்க இனி நேரமில்லை. வயிற்றில் துளை போட்டுக் குழாய் விட்டு, திரவத்தை ஊற்றியும் இறக்கியும் மூன்று நாள் நஞ்சை எடுத்தார்கள். இவர் அந்த மூன்று நாளும் என்னைப் பார்த்துக் கத்தவில்லை, அழவில்லை. இரண்டாம் நாள் மட்டும், "நான் பயந்தனான்" என்றார். நான் ஈரத் துணியால் அவர் உதட்டை நனைத்தேன். அவரில் எனக்கு இருந்த அருவருப்பு எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. அன்றைக்குப் போகவில்லை.

பிறகு மணிக்கட்டு ஒப்பரேஷன் நடந்தது. நான் மூன்று மாதம் மெஷின் பழகினேன். ஊசி போட, குழாய் பூட்ட, அழுத்தம் பார்க்க எல்லாம் பழகி, எங்கள் வீட்டு முன்னறையில் கிழமைக்கு மூன்று நாள் நானே செய்தேன். வேலையிடத்தில் அவர்களுக்கு எல்லாம் தெரிந்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த மாதம் நிரந்தரமாக்கினார்கள். அதன்பின் இவர் ஒன்பது வருடம் இருந்தார்.

மெஷின் வந்து ஒரு வருடம் போல, வைத்தியசாலைச் சமூக சேவகி கூப்பிட்டாள். புது நோயாளிகளின் மனைவிமாருக்கு, நான் இதையெல்லாம் எப்படிச் சமாளித்தேன், பொறுமையோடு எப்படி இருந்தேன் என்று பேச வேண்டுமாம். போனேன். பதினைந்து பெண்கள் பிஸ்கட் தட்டைச் சுற்றி இருந்தார்கள். பொறுமையாக இருக்கவேண்டாம் என்றேன். வருகிற ஒவ்வொரு கடிதத்தையும் வைத்திருங்கள், உங்கள் புருஷனோடு கூடப் போங்கள், அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று எட்டிப் பாருங்கள், எழும்பச் சொன்னால் எழும்பாதீர்கள் என்றேன். சமூக சேவகி எனக்கு நன்றி சொல்லிவிட்டு நேரம் முடிந்துவிட்டது என்றாள். இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. பிறகு ஒருபோதும் என்னைக் கூப்பிடவில்லை.

ஆனால் இரண்டு கிழமை கழித்து, கோவாத் தோட்டப் பக்கத்தில் இருந்த ஒரு இத்தாலியப் பெண் எங்கள் கதவைத் தட்டினாள். அந்தக் கூட்டத்தில் கதவோரம் இருந்தவள். அரைவாசி ஆங்கிலம்தான் அவளுக்கு. ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையத் தன் புருஷனின் கடிதங்களைக் கொண்டுவந்திருந்தாள். இவர் மெஷினோடு படுத்திருந்தபடியே அவளுக்கு வணக்கம் சொல்லி, வீடு ஒழுங்கில்லாததற்கு மன்னிப்புக் கேட்டார். நான் மேசையைத் துடைத்துவிட்டு, கடிதங்களைத் திகதிப்படி அடுக்கத் தொடங்கினேன்.