ஜிம்மியை வெளியே போகப் பழக்கியது நான் இல்லை

இன்று காலை மகளிடமிருந்து போன்...

"அம்மா, நாய்க்குட்டி மறுபடியும் ஹால்லயே ஒண்ணுக்குப் போயிடுச்சு! நீ ஜிம்மிய எப்படிம்மா பழக்குன?"

"பொறுமைதான் கண்ணு" என்று சொல்லி வைத்துவிட்டேன். நாற்பது வருடமாகச் சொல்லிவரும் பதில்!

அதில் பாதிதான் உண்மை. மீதியை இங்கே எழுதிவிடுகிறேன். (மகள் இந்தப் பக்கம் வரமாட்டாள். அவளுக்கு ரீல்ஸ் போதும்.)

எண்பதுகளின் தொடக்கம். கல்யாணமான புதிது. முத்தியால்பேட்டையில் ஒரு வருடமாகப் பூட்டிக் கிடந்த வீட்டுக்குக் குடிபோனோம். பின்னால் சின்னத் தோட்டம், ஒரு கொய்யா மரம்.

என் வீட்டுக்காரருக்கு மில்லில் இரண்டாவது ஷிப்ட். மத்தியானம் போனால் ராத்திரிதான் வருவார். பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. பைத்தியம் பிடிக்காத குறை!

அப்போதுதான் பெரிய மார்க்கெட்டில் மீன் கடைக்குப் பின்னால் குட்டி நாயாக ஜிம்மி கிடைத்தான். கத்தரிக்காயோடு கூடையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

பால் குடித்ததும், தூங்கி எழுந்ததும் கொய்யா மரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போவேன். "போ கண்ணு, போ" என்று காத்துக்கிடப்பேன். போனால் முதுகில் தட்டிக் கொடுப்பேன். ஒரு அடி அடித்ததில்லை.

பகலெல்லாம் சமத்து. சாயங்காலம் ஆறு மணியானால் மட்டும் பின்கதவுக்கு முன்னாலேயே போய்விடும்!

தப்பு என்னுடையதுதான். விளக்கு வைக்கும் நேரத்தில் பின்கதவைத் தாழ் போட்டுவிடுவேன். திறந்திருந்தால் லட்சுமி வெளியே போய்விடுவாள் என்று எங்கள் வீட்டு வழக்கம். (லட்சுமி போகவில்லை. ஜிம்மியும் போகமுடியவில்லை.)

ஒரு நாள் அவருடைய மில் சட்டையையே நனைத்துவிட்டது.

"மூக்க அதுலயே வச்சித் தேய் செல்வி, அப்பத்தான் புத்தி வரும்."

"அது கொழந்தைங்க. நாலு நாள் பொறுங்க."

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். அப்புறம் தவளக்குப்பம் சந்தையில வுட்டுட்டு வந்துருவேன்."

சொன்னால் செய்கிற ஆள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம். தாழ் போட்டுவிட்டு முன்னறையில் விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். கோயில் மணி அடித்தது. ஜிம்மி பின்கதவைப் பிராண்டும் சத்தம்.

'போச்சு, இன்றைக்கும் போச்சு' என்று நினைத்தேன்.

டக்.

தாழ்ப்பாள் விலகும் சத்தம்!

ஓடிப் போய்ப் பார்த்தால் கதவு அகலத் திறந்திருந்தது. ஜிம்மி கொய்யா மரத்தடியில் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தான். முடித்துவிட்டு அண்ணாந்து பார்த்து வாலை ஆட்டினான். பிறகு முதுகைத் தாழ்த்திக் கொடுத்தான், யாரோ தட்டிக் கொடுப்பதற்கு!

அங்கே யாரும் இல்லை.

தாழ் உள்பக்கம்தான் இருக்கிறது. வீட்டுக்குள் நான் ஒருத்திதான்.

வீட்டுக்காரரிடம் "பழகிடுச்சுங்க" என்று மட்டும் சொன்னேன். ஜிம்மி பிழைத்தானே, அது போதும் என்றிருந்தது. அதற்குப் பிறகு வீட்டுக்குள் ஒரு சொட்டு கிடையாது. தினமும் மணி அடிக்கும், தாழ் விலகும். நான் விளக்கை விட்டு அசையமாட்டேன்.

ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டு லூர்தம்மா மதில் வழியாகக் கூப்பிட்டார். அவர் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்.

"செல்வி, நேத்து சாயங்காலம் உங்க தோட்டத்துல யாரும்மா? 'தெயோர்'னு ஆம்பள கொரல் கேட்டுச்சே!"

"யாரும் வரலீங்களே. அப்பிடின்னா இன்னாங்க?"

"பிரெஞ்சுல வெளிய போன்னு அர்த்தம். இங்க இருந்த பிரெஞ்சுக்கார முசியே அவரு நாய அப்பிடித்தான் அனுப்புவாரு. ஆறு மணிக்குக் கோயில் மணி அடிச்சா கதவத் தொறந்துருவாரு, ஒரு நாள் தவறமாட்டாரு."

"இப்ப எங்க இருக்காரு?"

லூர்தம்மா சிலுவை போட்டுக்கொண்டார். "இந்த வூட்லதாம்மா செத்துப்போனாரு. தனி ஆளு. நாய் அதுக்கு முன்னாடியே போயிடுச்சு."

பிறகு மெதுவாக, "ஜிம்மி, தெயோர்" என்றார்.

என் காலடியில் தூங்கிக்கொண்டிருந்த ஜிம்மி எழுந்து நேராக மரத்தடிக்குப் போய் நின்றான்.

மார்க்கெட் குட்டி! பிரெஞ்சு எங்கே படித்தது?

அன்று ராத்திரி எல்லாவற்றையும் வீட்டுக்காரரிடம் கொட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். லீவு நாளன்று பின்கதவுக்கு எதிரில் உட்கார்ந்து அவரே பார்த்தார். சிரிக்கவில்லை. மறுநாள் காலையிலேயே மூலக்குளத்தில் வீடு தேடப் போய்விட்டார்!

சாமான்களை வண்டியில் ஏற்றியாயிற்று. ஜிம்மி மட்டும் வரவில்லை. மரத்தடியில் படுத்துக்கொண்டான். தூக்கப் போன வீட்டுக்காரரைப் பார்த்து முதல்முறையாக உறுமினான்.

"அது அந்த ஆளோட நாய் செல்வி. வுட்டுட்டு வா."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவரை வண்டிக்கு அனுப்பிவிட்டு, பின்வாசலில் தனியாக நின்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

"ஐயா, நீங்கதான் பழக்குனீங்க. இல்லன்னு சொல்லல. ஆனா எனக்கும் வேற யாரும் இல்லீங்க. இத அனுப்பி வைங்க."

ஒரு இலை அசையவில்லை.

ஜிம்மி தலையைத் தூக்கி யாரையோ பார்த்தான். எழுந்தான். என்னைக் கடந்து வாசலுக்குப் போய் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

அந்த நிமிடம் பயம் இல்லை, துக்கம்தான் வந்தது. மனுஷர் மறுபடியும் தனியாகிவிட்டாரே!

முன்வாசலைத் தாண்டும்போது வாய் தன்னால் சொல்லிவிட்டது: "போயிட்டு வரேங்க."

வண்டிக்குப் பக்கத்தில் நின்ற வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஏய்! யார்கிட்டடி 'வரேன்'னு சொல்லிட்டு வர்ற?!"

என் பிள்ளையை வளர்த்துக் கொடுத்த மனுஷரிடம் 'போறேன்' என்று எந்த வாயால் சொல்வது? நீங்களே சொல்லுங்கள்!