நீளம் எழுதாமல் அடித்த படம்

அன்று கடையில் நின்றவர்கள்: முதலாளி. வவுணதீவுத் தம்பிப்பிள்ளை அண்ணன். அவருடைய மனைவி செல்லம்மாக்கா. காத்தான்குடிக் காசிம் நானா. நான்.

ஸ்டூடியோ முதலாளியுடையது. அடிக்க வேண்டிய படம் தம்பிப்பிள்ளை அண்ணனுடையது. காசிம் நானா லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்பிப் போகிறவர். படத்தை அவர் கையில்தான் கொடுத்துவிட வேண்டும். மத்தியானம் அவருக்குக் கொழும்பு வேன். நான் பிரிண்டரில் நிற்கிறவன். படித்தது எட்டாம் வகுப்பு.

சண்டைக் காலம். தம்பிப்பிள்ளை அண்ணன் வட்டைக்குள் வயல் பார்க்கப் போன இடத்தில் ஷெல் விழுந்தது. காலில் ஒரு கீறல். சில நாள் நொண்டினார். ஆறிவிட்டது. ஆனால் கட்டாரில் இருந்த மகனுக்குப் போன செய்தி வேறு. ஒருவர் காயம் என்றார், அடுத்தவர் பெரிய காயம் என்றார். மகன் காதுக்குப் போகும்போது அப்பாவுக்குக் கால் போய்விட்டது.

அண்ணன் போனில் எவ்வளவோ சொன்னார். மகன் நம்பவில்லை. தான் கவலைப்படுவான் என்று மறைக்கிறார்கள் என்றான். வேலையை விட்டுவிட்டு வாறன் என்று நின்றான். அந்த நாளில் அந்த வயதுப் பெடியன் ஊருக்கு வருவது நல்லதில்லை. போனவன் போன இடத்திலேயே இருக்கட்டும் என்றுதான் தாய்மார் நேர்த்தி வைத்தார்கள்.

கடைசியில் மகன் ஒரு வழிக்கு வந்தான். முழு ஆளாக நிற்கிற படம் அனுப்பச் சொன்னான். பழைய படமாக இருக்கக்கூடாது என்பதற்காக, தங்கச்சியைக் கட்டப்போகிற புது மச்சானும் அதில் நிற்க வேண்டும். ஒட்டு, வெட்டு கூடாது. கம்ப்யூட்டரில் கால் ஒட்டுகிறார்கள் என்று அவனுக்கு அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

தங்கச்சியின் கலியாணம் முடிந்த கையோடு, குடும்பம் முழுவதையும் வளவில் வரிசையாக நிறுத்தி முதலாளி நாலு துண்டாகப் படம் எடுத்தார். கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்த்தார். சேர்த்த இடம் ஒருவர் காலிலும் விழவில்லை. அதை மகனுக்குச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

அடிப்பதற்கு ரோல் பேப்பர் பிரிண்டர் இருந்தது. புதிது. முதலாளி அதைத் துவாயால் போர்த்தி வைப்பார். மழையில் நனைந்து வருவார், தன் தலைக்குத் துவாய் எடுக்கமாட்டார். எட்டு அங்குல உயரம், நாற்பத்தாறு அங்குல நீளம் என்று படத்தை வைத்தேன். கம்ப்யூட்டரில் இங்கிலீசில் ஏதோ எழுதி வந்தது. முதலாளியைப் பார்த்தேன்.

"அது சும்மா கேக்கும். ஓகேயை அமத்து," என்றார்.

அமத்தினேன்.

படம் இடது பக்கத்திலிருந்து வந்தது. முதலில் பலாமரம். பிறகு ஓர் ஆடு, கொம்பு, தாடி, வால் எல்லாம் தெளிவாக. பிறகு பெரியம்மாமார், புது மாப்பிள்ளை, பொம்பிளை. கடைசியில் தம்பிப்பிள்ளை அண்ணன். ஒரு கை வந்தது. ஒரு கால் வந்தது. பிரிண்டர் பேப்பரை வெட்டிவிட்டது.

அண்ணன் குனிந்து பார்த்தார்.

"ஆடு முழுசா நிக்குது. நான் பாதி."

"உங்கள ஆரு அந்தக் கடைசில போய் நிக்கச் சொன்ன?" என்றார் செல்லம்மாக்கா.

"ஆடு வாழைக்குப் போனது. கலைச்சுப்போட்டு வந்து நிண்ட இடம் அது."

"கலைச்ச ஆடு மற்றப் பக்கத்தால வந்து நிக்குது. அதுக்கு இரிக்கிற அறிவு!"

காசிம் நானா சிரிப்பை அடக்கிக்கொண்டு அண்ணனிடம் சொன்னார்: "காக்கா, இதக் கொண்டு போய்க் குடுத்தா உங்கட மகன் என்னோட சேர்ந்து அடுத்த பிளேனில வந்திருவான்."

சிரிப்பு நின்றுவிட்டது. செல்லம்மாக்கா கதிரையில் குந்திவிட்டார்.

முதலாளி யோசித்தார். "மற்றக் காலைத் தனியா அடிச்சுப் பின்னால டேப் போடுவம்."

"ஒட்டின காலை அவன் நம்புவானா?" என்றார் அண்ணன்.

பிழை எது என்று பிறகுதான் கண்டோம். பேப்பர் நீளம் என்று ஒரு கட்டம் உண்டு. முந்தின நாள் ஒரு பேனர் அடித்திருந்தோம். அதன் நீளம், நாற்பத்து நாலு, அந்தக் கட்டத்தில் அப்படியே குந்திக்கொண்டிருந்தது. படம் அதை விட இரண்டு அங்குலம் நீளம். அந்த இரண்டு அங்குலத்துக்குள்தான் அண்ணனின் மற்றக் கால். இங்கிலீசில் கேட்ட கேள்வியும் அதுதான். மிச்சம் வெட்டுப்படும், சரியா என்று கேட்டிருக்கிறது. நாங்கள் சரி என்றோம்.

நீளத்தைக் கூட்டி இன்னொன்று அடிக்கலாம். ஆனால் ரோல் முடிகிற நிலை. கடையில் வேறு ரோல் இல்லை. பூட்டியிருந்த பாதை முந்தின நாள்தான் திறந்தது, கொழும்பில் இருந்து சாமான் இன்னும் வரவில்லை. மிச்சத்தை இழுத்து அளக்கிற டேப் பிடித்துப் பார்த்தேன். முப்பத்திரண்டு அங்குலம்.

"ஆட்டை வெட்டு," என்றார் முதலாளி.

ஆட்டையும் பலாமரத்தையும் வெட்டினேன். படம் நாற்பதுக்கு வந்தது. அதற்கு மேல் வெட்டினால் பெரியம்மா போவார். அதற்கு ஒருவருக்கும் துணிவில்லை. இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் விட்டால் முப்பதுக்குள் படம் அடங்க வேண்டும். நீளத்தைக் குறைத்தால் உயரமும் குறையும். எட்டு ஆறாகும்.

"அண்ணன், ஆக்கள் சின்னதாப் போவாங்க," என்றேன்.

"சின்னதாப் போனா என்ன தம்பி? ரெண்டும் இருந்தாச் சரி."

கட்டத்தில் முப்பத்திரண்டு என்று எழுதினேன். முதலாளி ஒருதரம் பார்த்தார். நானா ஒருதரம் பார்த்தார். இங்கிலீஸ் கேள்வி வரவில்லை. கரண்டை நம்பாமல் முதலாளி முதலே ஜெனரேட்டரை இழுத்துவிட்டார்.

ரோலின் அடிப் பேப்பர் சுருண்டிருக்கும். அது தலை தூக்கினால் மை இழுபடும். நான் இரண்டு விரலால் மெல்லப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெருவில் வேன் ஹோர்ன் அடித்தது. நானா பையைத் தோளில் போட்டார், போகவில்லை. பெரியம்மா வந்தார். மாப்பிள்ளை வந்தார். அண்ணனின் கை வந்தது. ஒரு கால் வந்தது.

"மூச்சு விடாதீங்க," என்றார் செல்லம்மாக்கா. யாருக்குச் சொன்னார் என்று தெரியாது. ஒருவரும் விடவில்லை.

"மற்றதும் வருது!" என்று நானா கத்தினார்.

வந்தது. உடுத்திருந்த சாரமும் வந்தது, செருப்பும் வந்தது. பிறகு வெள்ளைப் பேப்பர். காய்கிற மட்டும் நானாவுக்குப் பொறுமையில்லை. விரித்தபடி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வேனுக்கு ஓடினார், தாம்பூலத் தட்டுக் கொண்டு போகிற மாதிரி.

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ரோலில் நீளப் படம் அடிக்க முதல், படத்தை அள. ரோலில் மிச்சத்தை அள. நீளத்தை நீயே எழுது, மெஷின் வைத்திருக்கிற நீளம் முந்தின ஆளுடையது. மெஷின் ஏதும் கேட்டால் என்ன கேட்கிறது என்று பார். முதலாளி சொன்னாலும் பார்.

மாதம் ஒன்று போனது. செல்லம்மாக்கா கடைக்கு வந்தார். கையில் ஒரு பை மாம்பழம்.

"மகன் கட்டாரிலயிருந்து கோல் எடுத்தவன்," என்றார்.

"வாறானாமா?" என்றேன்.

"இல்ல. அங்கயே நிக்கிறானாம். ஏன் எல்லாரும் இப்பிடி மெலிஞ்சு போனீங்க எண்டு கேட்டான்."

முதலாளி துவாயால் பிரிண்டரைத் துடைத்தபடி இருந்தார்.

"காலைப் பார்த்தானா அக்கா?" என்று கேட்டேன்.

"ஓம். பூதக் கண்ணாடி வெச்சுப் பார்த்து எண்ணினானாம்."

"எத்தின?"

"ரெண்டு."