முதல் பிளக்கின் காற்று

ஆயுதபூஜைக்கு மறுநாளிலிருந்து எங்கள் பழைய கார் கிளம்பவில்லை. காரணம் என் மகன்தான். அரிவாள்மணையையும் சுத்தியலையும் கழுவி வைத்தது போதாதென்று, எஞ்சினிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, மண்ணெண்ணெயில் குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் அப்பி, மாலை போட்டுப் படத்துக்கு முன்னால் உட்கார வைத்தான். எந்தப் பிளக் எப்போது பொறி விட வேண்டும் என்று பங்கிட்டுக் கொடுக்கிற சாமான் அது. இருந்த இடத்திலேயே பொட்டு வைத்திருந்தால் சரஸ்வதி கோபித்துக்கொள்ளப் போகிறாளா?

திரும்ப மாட்டியதும் வண்டி கார்புரேட்டர் வழியாகத் தும்மியது. பிறகு அதுவும் இல்லை.

திருநள்ளாற்றில் லாட்ஜ் வைத்திருக்கும் ஒருவர் அந்தக் காரைத் தன் வாசலில் அலங்காரமாக நிறுத்தக் கேட்டுக்கொண்டிருந்தார். "வெள்ளிக்கெழமைக்குள்ள ஓடலன்னா குடுத்துடலாம்மா. ஓடுனா இங்கயே இருக்கட்டும்" என்றான் மகன். என் வீட்டுக்காரர் இருந்தவரை அவர் ஓட்டி, நான் பக்கத்தில் உட்கார்ந்து போன வண்டி. அதன்மேல் ஊரார் சாய்ந்து படம் பிடிக்க விடுவதாயில்லை நான்.

வியாழக்கிழமை, காரைக்கால்மேட்டில் படகு எஞ்சின் பார்க்கிற ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தான். அந்த ஆள் பானெட்டைத் திறக்குமுன்பே என் செம்பருத்தியின்மேல் புகையிலை எச்சிலைத் துப்பினார். எஞ்சின் முன்னால் சுழலும் புல்லிச் சக்கரத்தில் இருந்த கோட்டைப் பார்த்துவிட்டு, "மார்க்கு சரியாத்தான் நிக்கிது. உள்ள செயின் போயிருக்கும். எஞ்சின எறக்கணும்" என்றார்.

"அந்த மார்க்கு ரெண்டு தடவ வரும். எந்தத் தடவைக்கு இவன் மாட்டுனான்னு பாத்திங்களா?" என்றேன்.

"நீங்க உள்ள போயி காப்பி போடுங்கம்மா."

எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் வீட்டுக்காரர் முன்னால் நின்று ஹேண்டிலைச் சுற்ற, முதல் பிளக்கைக் கழற்றிய ஓட்டையில் கட்டைவிரலை வைத்துக் காற்றுப் பார்த்தவள் நான். கோடு இரண்டு முறை வந்தாலும் ஒரு முறைதான் காற்று விரலைத் தள்ளும். அதுதான் சரியான முறை.

காப்பி போடவில்லை. "மொத பிளக்கக் கழட்டுடா" என்றேன். மகன் கழற்றிவிட்டு ஹேண்டிலைச் சுற்ற, ஓட்டையில் நான் கட்டைவிரலை வைத்தேன். கோடு வந்தது, விரலில் ஒன்றுமில்லை. இன்னொரு சுற்றில் காற்று சீறிக்கொண்டு தள்ளியது.

"நிறுத்து. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியத் தொறந்து பாரு."

முதல் பிளக்கின் ஒயரைப் பார்த்து நிற்க வேண்டிய ரோட்டர், உள்ளே சுழலும் அந்த முள், நேர் எதிரே நின்றது. அரை வட்டம் மாற்றி மாட்டியிருக்கிறான். இடுக்கில் சந்தனம் வேறு காய்ந்து கிடந்தது.

துடைத்துத் திருப்பி மாட்டினார்கள். இரண்டாவது சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. "நானும் அதத்தாம்மா நெனச்சேன்" என்று மெக்கானிக் இன்னொரு முறை துப்பினார்.

மறுநாள் லாட்ஜ்காரர் வந்தார். "ஓடுற வண்டின்னா இன்னும் விசேஷம்" என்றார். மகன் தலையைச் சொறிந்தான். சொன்ன சொல்லைப் பேன்போலச் சொறிந்தே உதிர்த்துவிடுவான் அவன்.

"செத்த உக்காருங்க, மேட்டுக்குப் போயிட்டு வந்துடுறோம்" என்று அவனை வண்டி எடுக்கச் சொன்னேன். வெள்ளிக்கிழமை மீன் தொடாத வீடு எங்களுடையது. காரைக்கால்மேட்டு மீன் ஏலத்தில் ஒரு கூடை மத்தி எடுத்து, தண்ணீர் சொட்டச் சொட்டப் பின் சீட்டில் வைத்தேன். அடியில் ஒரு சாக்குகூடப் போடவில்லை.

நாங்கள் திரும்பி வந்ததும் லாட்ஜ்காரர் கார்க் கதவைத் திறந்தார். துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கோயிலுக்கு வர்றவங்க தங்குற எடம்மா" என்று சொல்லிப் போய்விட்டார்.

மீனை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டேன். நாற்றம் மட்டும் இன்னும் போகவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, முன் சீட்டில் உட்கார்ந்துதான் போகிறேன்.