பஸ்ஸுக்காகக் காத்த மணி

கல்யாண மண்டபத்தில் பந்திக்காகத் தண்டவாளத் துண்டை அடித்தார்கள். ஐம்பது வயதுத் தொந்தியோடு பதறிப்போய் வாசலுக்கு ஓடினேன். இந்த மண்டபம் முன்பு அக்கா படித்த கல்லூரி. அந்தத் துண்டுதான் அதன் மணி. என் பள்ளி லீவில் அவளோடு திருச்சுழி பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வரும்போது, பருத்தி மூட்டை ஏற்றி ஏற்றி வண்டி பிந்தும். "மணியடிச்சிருவாக!" என்று அழுவேன்.

"நம்ம பஸ்ஸு வராம அடிக்க மாட்டாகடா," என்பாள் அக்கா. அடிக்கவும் மாட்டார்கள். வகுப்பு தவறித் திரும்பினால் வீட்டில் பெண்பிள்ளைகளின் படிப்பையே நிறுத்திவிடுவார்கள் என்று கல்லூரிக்காரர்களுக்குத் தெரியும். அந்தக் கல்லூரியைத்தான் பிறகு 'பேரில்லாத காலேஜு' என்று இழுத்து மூடினார்கள், மேலிடத்துப் பாவிகள்.

இன்றைக்கும் அதே பஸ்ஸில் பிந்தி வந்த அக்காவிடம் பந்தி முடிந்துவிட்டது என்றான் பரிமாறுகிறவன்.

"ஏலே, திருச்சுழி பஸ்ஸு இப்பத்தான் வந்துருக்கு! திரும்ப அடிடா மணிய!" என்று கத்தினேன்.