சிஞ்ஞோராவின் முதல் துவக்கு

இத்தாலியின் பலெர்மோ நகரில் நான் வேலைசெய்த வீட்டு அம்மாவைச் சிஞ்ஞோரா என்று கூப்பிடுவேன், அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அந்தத் துவக்கு விஷயத்துக்குள் நான் வந்தது அதனால்தான். நெடுங்காலம் மருந்துக்கடை நடத்தியவர் அவர். கணவர் இறந்த பிறகு கடையை விற்றுவிட்டு வீட்டோடு இருந்தார். பிள்ளைகள் இல்லை. காலையில் நான் போய் வீட்டைக் கூட்டித் துடைத்து, பல்லரோச் சந்தையில் மீனும் மரக்கறியும் வாங்கி வந்து மத்தியானச் சாப்பாடு சமைத்து வைப்பேன். சனிக்கிழமைகளில் அவர் நகரத்துக்கு வெளியே மலைச்சரிவில் இருந்த குறிசுடும் கழகத்துக்குப் போவார். அறுபதைத் தாண்டிய ஒரு பெண் துவக்கு சுடப் போவது முதலில் எனக்கு விசித்திரமாக இருந்தது. பிறகு அதுவும் பழகிப்போய்விட்டது.

கழகத்தின் பொதுத் துவக்குகள் பழையவை, இடையில் சிக்கிக்கொள்ளும். சுட்ட ரவையின் வெற்றுக் கோது வெளியே வராமல் மாட்டிக்கொண்டால் அவர் பிடித்துவைத்திருந்த மூச்சும் கவனமும் குலைந்துவிடும். அன்றைக்கு எரிச்சலோடு வீட்டுக்கு வந்து கோப்பைகளைச் சத்தமாக வைப்பார். அந்த வருடம் தனக்கென்று ஒன்று செய்விக்கத் தீர்மானித்தார். ஒவ்வொரு முறையும் கையால் இழுக்கத் தேவையில்லாமல், விசையை அழுத்தும்போதெல்லாம் ஒன்றைச் சுட்டுவிட்டு அடுத்த ரவையைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை. முழுதாகக் கடையில் வாங்கலாம். அவருக்கு அதில் விருப்பமில்லை. மருந்துக் கலவை மாதிரி உள்ளே என்ன போகிறது என்று தனக்குத் தெரியவேண்டும் என்றார். சுடுவதற்கான அனுமதிப் பத்திரம் அவரிடம் இருந்தது. பாகங்களை அவர் தெரிவுசெய்ய, உரிமம் பெற்ற துவக்குக் கடைக்காரர் தன் பட்டறையில் பூட்டிக் கொடுப்பது என்று ஏற்பாடு.

பாகங்களைப் பற்றி விரிவாக எழுதியிருந்தவை அமெரிக்கச் சஞ்சிகைகள். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு ரியூட்டரியில் ஆங்கிலம் படிப்பித்தவன். ஒருநாள் தூசி தட்டும்போது ஒரு சஞ்சிகையின் அட்டையில் இருந்ததை வாய்க்குள் வாசித்தது அவருடைய காதில் விழுந்துவிட்டது. அதன்பிறகு, சமையல் முடிந்ததும் குசினி மேசையில் அவருக்கு எதிரே இருந்து வாசித்து, எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொல்வதும் என் வேலையாயிற்று. சொல் வராத இடத்தில் கரண்டியையும் தீப்பெட்டியையும் வைத்துக் காட்டுவேன். அவர் புரிந்துகொள்வார்.

சஞ்சிகைக்காரர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒன்றையே எழுதியிருந்தார்கள். முதன்முதலாகத் துவக்குச் செய்விப்பவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்தான் மயங்குகிறார்கள். தோளில் அணைக்கும் கட்டை என்ன மரம், தூரத்தைக் காட்டும் கண்ணாடி என்ன வகை என்று அலைகிறார்கள். துவக்கு ஆளைக் கைவிடாமல் பார்த்துக்கொள்பவை உள்ளே கிடக்கும் பாகங்கள்தான். குழல், ரவையை ஏற்றி இறக்கும் போல்ட், ஸ்பிரிங்குகள், ரவைக்கூடு. இவற்றைப் பெயர் கேள்விப்படாத இடத்தில் வாங்கக்கூடாது. ஆளுக்கொரு பட்டறையில் வாங்கி ஒன்றுசேர்க்கவும் கூடாது. சிஞ்ஞோரா இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டிவிட்டு, வால்நட் மரக் கட்டையின் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மாஃபியா செய்த கொலைகளுக்குப் பிறகு அந்த வருடங்களில் பலெர்மோ தெருக்களில் இராணுவம் நின்றது. நீதிபதிகள் குடியிருந்த கட்டிடங்களின் வாசலில் மணல்மூட்டைக்குப் பின்னால் இளம் பெடியன்கள் துவக்கோடு நிற்பார்கள். சீசாப் பகுதியில் நான் இருந்த அறையிலிருந்து சிஞ்ஞோராவின் வீட்டுக்குப் போகும் பஸ் அப்படி ஒரு வாசலைக் கடந்துதான் போகும். அவர்கள் என்னைத் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். என்றாலும் என் கை, நான் இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதிப் பத்திரமான பெர்மெஸ்ஸோ வைத்திருந்த பொக்கற்றுக்குத் தானாகப் போய் வரும்.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். நான் வெளிக்கிட்டு வந்த அடுத்த வருடம் இயக்கத்துக்குப் போனவன். அவனைப் பற்றி எப்போதாவது யாராவது ஏதாவது சொல்வார்கள். சுகமாக இருக்கிறான் என்பார்கள், கண்டதாகச் சொல்வார்கள். பல்லரோவுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கடை வைத்திருந்தார். வெளிநாட்டு அழைப்புகள் அங்கேதான் வரும். ஒரு ஞாயிறு மத்தியானம் எனக்குக் கொழும்பிலிருந்து அழைப்பு வருமென்று சொல்லி அனுப்பியிருந்தார். போனேன். பேசியது தம்பியோடு ஒரே அணியில் இருந்த பெடியன்.

"அண்ணை, அவன் இல்லை."

எப்ப என்று கேட்டேன். சொன்னான். எங்கை என்று கேட்டேன். சொன்னான். அதற்குமேல் நான் கேட்கவில்லை. அவனாகச் சொன்னான்.

"அவன்ரை துவக்கு இறுகிப்போச்சு அண்ணை. வெடிக்கேல்லை. தட்டித் தட்டிப் பாத்துக்கொண்டு நிண்டவன். நான் பக்கத்திலைதான் நிண்டனான்."

நீ எப்படி இருக்கிறாய் என்று அவனைக் கேட்டேன். ஒரு கால் போய்விட்டது என்றான். கவனமாக இருக்கச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். அரைக்கிலோ வெங்காயமும் மிளகாய்த்தூளும் தரச் சொன்னேன். தந்தார். அறைக்கு வந்து கூட இருந்தவர்களிடம் சொன்னேன். அவர்கள் சாமிப்படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்றினார்கள். ஒருவன் அழுதான், அவன் என் தம்பியைக் கண்டதே இல்லை. சோறு போட்டுத் தந்தார்கள். சாப்பிட்டேன்.

அடுத்தநாள் வேலைக்குப் போனேன். மீன் வெட்டினேன், நிலம் துடைத்தேன். சாப்பாடு முடிந்ததும் சிஞ்ஞோரா சஞ்சிகையை விரித்து வைத்தார். அன்றைக்குப் போல்டைப் பற்றிய கட்டுரை. நல்ல போல்டும் மட்டமான போல்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், வித்தியாசம் பிறகுதான் தெரியவரும் என்று எழுதியிருந்தது. வாசித்தேன். இத்தாலியனில் சொன்னேன். 'ரிலையபிள்' என்ற சொல் ஒவ்வொரு பந்தியிலும் வந்தது. கைவிடாது என்று சொல்லப் பார்த்தேன், சரியான சொல் வரவில்லை. அவர் 'அஃபிடாபிலே' என்று எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தச் சொல் வந்த இடமெல்லாம் அப்படியே சொன்னேன். என் குரல் வேறு யாரோ பக்கத்து அறையில் வாசிப்பது போலக் கேட்டது. நான் நிறுத்தவில்லை.

அந்தக் கிழமையே ஒரேத்தோப் பக்கம் இருந்த துவக்குக் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் உயரமான, மெதுவாகப் பேசுகிற மனிதர். இரண்டு போல்டுகளை ஒரு துணியில் வைத்துக் காட்டினார். ஒன்று உடனே கிடைக்கும், மலிவு. மற்றது குழல் செய்கிற அதே கொம்பனி செய்தது, வந்துசேரப் பல மாதங்கள் எடுக்கும். சிஞ்ஞோரா யோசித்துக்கொண்டு நின்றார். அப்போது நான் கடைக்காரரிடம் கேட்டேன், துவக்கு எதனால் வெடிக்காமல் போகும் என்று.

அவர் விரல்விட்டுச் சொன்னார். மண், பழைய ஸ்பிரிங், வளைந்த ரவைக்கூடு, ஈரம் பிடித்த ரவை, ஒன்றோடொன்று ஒவ்வாத பாகம்.

"அதிலை எது?" என்று கேட்டேன்.

"எந்தத் துவக்கு?"

"இலங்கையிலை ஒரு துவக்கு."

கடைக்காரர் துணியை மடித்து மேசையில் வைத்தார். "கையிலை எடுத்துப் பாக்காமல் சொல்ல ஏலாது" என்றார். அவர் குரலில் மரியாதை இருந்தது. நான் நன்றி சொன்னேன்.

திரும்பி வரும்போது காருக்குள் சிஞ்ஞோரா அது யாருடைய துவக்கு என்று கேட்டார். என் தம்பியுடையது என்றேன். எப்போது நடந்தது என்றார். போன மாதம், செய்தி ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது என்றேன். அவர் காரைத் தெருவோரம் நிறுத்தினார். பின்னால் வந்த வாகனங்கள் கோர்ன் அடித்தன. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"திங்கட்கிழமை நீ வந்து எனக்கு வாசிச்சாய்."

"ஓம்."

"ஏன்?"

யோசித்துப் பார்த்தேன். "அண்டைக்கு வேலைநாள், சிஞ்ஞோரா" என்றேன்.

அவர் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்தார். பிறகு இந்தத் துவக்கே வேண்டாம், எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறேன் என்றார். எனக்காக அவர் ஒன்றை விடுவது எனக்குப் பாரமாக இருந்தது. நிறுத்தினாலும் இங்கே எதுவும் மாறப்போவதில்லை.

"நிப்பாட்டாதேங்கோ. அந்த மலிவான போல்டை மட்டும் எடுக்காதேங்கோ" என்றேன்.

அவர் எடுக்கவில்லை. மாதக்கணக்கில் காத்திருந்து உள்பாகங்கள் எல்லாவற்றையும் ஒரே கொம்பனியிலிருந்து எடுப்பித்தார். வால்நட் கட்டையை விட்டுவிட்டுச் சாதாரணக் கட்டை போட்டார். இடையில் வாசிப்பு நின்றுபோயிருந்தது. சாப்பிட்ட பிறகு என்னையும் மேசையில் இருக்கச் சொல்லிக் கோப்பி ஊற்றித் தருவார். வானொலியைப் போட்டுவிடுவார்.

துவக்கு அரசாங்கச் சோதனை முத்திரையோடு வந்த பிறகு, முதல் சனிக்கிழமை நானும் வருகிறேன் என்று நானே கேட்டேன். அவர் என்னைக் கொஞ்சம் பார்த்துவிட்டுச் சரி என்றார். கழகத்தில் காதுக்குப் போடும் மூடியைத் தந்து மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கச் சொன்னார்கள். சிஞ்ஞோரா மூச்சைப் பிடித்துச் சுட்டார். கோது பக்கவாட்டில் தெறித்து விழுந்தது. மீண்டும் சுட்டார். ஒவ்வொரு முறையும் அடுத்தது வெடிக்காது என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு முறையும் வெடித்தது. ரவைக்கூடு காலியாகும்வரை ஒரு தடவையும் சிக்கவில்லை. மற்ற அங்கத்தவர்கள் வந்து அவருக்குக் கைகொடுத்தார்கள். நானும் கொடுத்தேன். உள்ளே எதுவும் அசையவில்லை. கால் மரத்துப்போனால் நிலத்தில் வைத்தும் நிலம் தெரியாதே, அப்படி இருந்தது.

அதற்குப் பிறகு வந்த மாரியில் அம்மா இடம்பெயர்ந்து வன்னிக்குப் போய், ஒருவழியாகக் கொழும்புக்கு வந்து ஒரு லொட்ஜில் தங்கியிருந்தார். அங்கிருந்து ஊர்க்காரரின் கடைக்குத் தொலைபேசி எடுத்துப் பேசினார். தம்பி இறந்ததை மட்டும்தான் அவருக்குச் சொல்லியிருந்தார்கள், எப்படி என்று சொல்லவில்லை.

"அவனுக்கு நொந்திருக்குமோ ராசா?"

"இல்லையம்மா. அவனுக்குத் தெரிஞ்சே இராது."

சரி என்றார். லைன் இரைந்துகொண்டிருந்தது. பிறகு, இப்போது எங்கே வேலை என்று கேட்டார். ஒரு வயதுபோன மனுசி வீட்டில்தான், நல்ல மனுசி என்றேன். என்ன வேலை என்றார். சமையல், துப்புரவு என்றேன். நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லிவிட்டு வைத்தார்.