நான்காம் பின்னிணைப்பு

இனாவோபிக்குக் கோபம் வந்தால் மாணவர்கள் வராந்தாவோடு நின்றுவிடுவார்கள். மணிப்பூரில் யார், எங்கே, எந்த ஊசியால் போதை ஏற்றிக்கொள்கிறார்கள் என்று இருபது வருஷமாக ஆராய்ந்து வந்த பேராசிரியை அவள். அவளுடைய அண்ணன் நாலாம் நம்பர் என்ற ஹெராயின் தூளைப் போட்டவன். ஒரே ஊசியை நான்கு பேர் மாற்றி மாற்றிக் குத்தியதில் வந்த நோயில் போய்ச் சேர்ந்தான். சுத்தமான ஊசியை அரசே கொடுக்க வேண்டும் என்று அவள் கட்டுரை கட்டுரையாக எழுதித் தள்ளினாள். கூட்டங்களில் பெரிய மனிதர்கள் தலையாட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்கள்.

"ஆதாரம் போதாது" என்றுதான் ஒவ்வொரு தடவையும் பதில் வரும். அதைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். சரி, ஆதாரத்தை மூஞ்சியில் விட்டெறிகிறேன் என்று போன வருஷம் கிளம்பினாள். கூட வந்தவன் தோம்பா. ஒரு காலத்தில் ஊசி போட்டவன், இப்போது பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுக்கும் வேலையில் இருப்பவன். அவன் காட்டக் காட்ட, ஊரில் ஊசி போட ஆட்கள் கூடும் பதினேழு இடங்களை வரைபடத்தில் புள்ளி வைத்து எண் போட்டாள். ஆறாவது இடம், மூடிக்கிடந்த அரிசி மில்லின் பின்பக்கம். அங்கே பெண்கள் மட்டும்தான் கூடுவார்கள். சந்தையில் சிஞ்சு என்ற காரமான காய்க்கலவை விற்கும் சனாஹன்பிதான் அவர்களுக்குத் தலைவி மாதிரி.

"எங்களப் படத்துல போடுவீங்களா, இச்சே?" என்று கேட்டாள் சனாஹன்பி. ஊரில் எல்லோருக்கும் இனாவோபி அக்கா முறைதான்.

"பேரு போடமாட்டேன். இடம் மட்டும்."

"இடத்தப் போட்டா என்ன ஆகும்?"

"ஊசி வண்டி இங்கேயே வரும்."

"அப்ப நல்லா பெருசா போடுங்க. கண்ணு தெரியாதவனுக்கும் தெரியட்டும்."

பெயரை மறைப்பதில் ஆராய்ச்சிக்காரர்கள் படு கறார். பெயருக்குப் பதில் எண், வயதைக்கூட முழுதாகச் சொல்லக்கூடாது. நெறிக்குழு மூன்று தடவை உட்கார்ந்து சரிபார்த்தது. இடத்தையும் மறைக்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. படித்த முட்டாள்கள்! அதில் முதல் முட்டாள் அவள்தான். படம் அவளுடைய ஆராய்ச்சிப் புத்தகத்தில் நான்காம் பின்னிணைப்பாக, தெருப் பெயர்களோடு, வழவழப்பான தாளில் அச்சானது.

வெளியீட்டு விழாவில் முன்வரிசையில் இருந்த போலீஸ் அதிகாரி இரண்டு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார். "உங்க உழைப்பு எங்களுக்கு ரொம்ப உதவும், மேடம்" என்றார். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அடுத்த வாரம் தோம்பா போன் பண்ணினான்.

"இச்சே, இன்னிக்கு மீன் சந்தையில புடிச்சுட்டாங்க. நேத்து பாலத்தடி. முந்தாநாள் பழைய தியேட்டர். உங்க புத்தகத்தக் கொஞ்சம் எடுத்துப் பாருங்க."

எடுத்துப் பார்த்தாள். தியேட்டர் மூன்று, பாலத்தடி நான்கு, மீன் சந்தை ஐந்து. வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் அவள் போட்ட வரிசையிலேயே போலீஸ் வந்துகொண்டிருந்தது. அடுத்தது ஆறு. அவளும் தோம்பாவும் மில்லுக்கு ஓடினார்கள். பெண்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு திசையில் கலைந்தார்கள். "எங்க போறது, இச்சே?" என்று கேட்ட சனாஹன்பியை "முதல்ல இங்கேருந்து போ" என்று தெருவுக்குத் தள்ளினாள்.

மறுநாள் அதிகாரியின் அறையில் போய்க் கத்தினாள். நோயாளிகளைத் திருடர்கள் மாதிரி வளைத்துப் பிடிப்பதற்கா இந்த ஆராய்ச்சி என்று மேஜையைத் தட்டினாள். அவர் படத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"நீங்க வச்ச புள்ளிதானே, மேடம்?"

மூன்றாவது வாரம் சனாஹன்பி செத்துப்போனாள். வாடகை அறையில், உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, தனியாக ஊசி போட்டு, அளவு மிஞ்சி. மில்லில் இருந்திருந்தால் பக்கத்தில் நாலு பேர் இருந்திருப்பார்கள். மூச்சைத் திருப்பும் மருந்து அங்கே எப்போதும் சுவர் இடுக்கில் இருக்கும்.

அந்த மருந்தையே ஒரு பெட்டி நிறைய வாங்கிக்கொண்டு இனாவோபி தோம்பாவிடம் போனாள்.

"மத்த பொண்ணுங்கல்லாம் இப்ப எங்க இருக்காங்க? நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்."

"பெட்டியக் குடுங்க, இச்சே. நான் சேத்துடறேன்."

"எங்கன்னு கேக்கறேன்டா."

"கேக்காதீங்க."

"என்கிட்டயா சொல்லமாட்டே?"

"உங்ககிட்டதான்."

இருபது வருஷத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஊரில் ஒருத்தரும் மறுத்ததில்லை. அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. அறைந்துவிடலாம்போல் இருந்தது. அவன் கண்ணைத் தாழ்த்தாமல் நின்றான். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பெட்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு, அவன் எந்தத் தெருவில் திரும்புகிறான் என்று பார்க்காமல் எதிர்ப்பக்கம் நடந்தாள்.